குதிரைத்திறன் மட்டும் போதுமா?

ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியர் அனைவரும் அறிந்த செய்தி ஒன்று உண்டு. வலிமிகும் இடங்களை மறந்துவிடும் மாணவன், எந்த மகிழுந்துக்கு எத்தனை குதிரைத்திறன் என்பதை மட்டும் மறப்பதே இல்லை. ஓய்வு நேரத்தில் சிற்றுண்டிச்சாலை மேசையைச் சுற்றி அவர்கள் நடத்தும் வழக்காடலின் தீர்ப்பு பெரும்பாலும் இதுதான்: “சூப்பர் காருக்கு 830 குதிரைத்திறன். பந்தயக் காருக்கு 600தான். ஆகவே சூப்பர் காரே வெல்லும்.” அதைக் கேட்கும் நாமோ, “போய்ப் பாடத்தைப் பார்” என்று விரட்டிவிடுகிறோம்.

அப்படி விரட்டுவது முறையன்று என்பது என் கருத்து. அந்தத் தீர்ப்பு தவறானது. அதைத் திருத்தாமல் விட்டால் என்ன ஆகும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

மாணவன் கூறும் எண்களில் பிழையில்லை. 2021-இல் அறிமுகமான ஃபெராரி 296 ஜிடிபி, பெட்ரோல் எந்திரமும் மின்மோட்டாரும் சேர்ந்து 830 குதிரைத்திறன் தருவது. அதன் பந்தய வடிவமான 296 ஜிடி3-இல் மின்மோட்டார் கிடையாது. பந்தய விதி அதற்கு இடம் தருவதில்லை. எஞ்சுவது ஏறத்தாழ 600. ஆயினும் 2023-ஆம் ஆண்டு ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் 24 மணி நேரப் பந்தயத்தில் 162 சுற்றுகள் ஓடி வென்றது இந்த ‘வலு குறைந்த’ வண்டிதான். ஒரு சுற்று 25 கிலோமீட்டருக்கும் மேல். மொத்தத்தில் 4,100 கிலோமீட்டரைத் தாண்டிய ஓட்டம். கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூருக்கு ஏறத்தாழ ஆறு முறை போய்த் திரும்பும் தொலைவை, ஒரே நாளில், பந்தய வேகத்தில் கடந்திருக்கிறது! சாலை மகிழுந்தை அதே வேகத்தில் விரட்டினால், சில சுற்றுகளிலேயே டயரும் பிரேக்கும் கொதித்துத் தளர்ந்துவிடும்.

(டயர் என்றே எழுதுகிறேன். ‘உருளிப்பட்டை’ என்று எழுதி மாணவனின் கவனத்தை இழக்க எனக்கு விருப்பமில்லை.)

வேறுபாடு பிறக்குமிடம் நேர்ப்பாதையன்று, வளைவு. நம் செப்பாங் ஓடுதளத்தையே எடுத்துக்கொள்வோம். நீளம் 5.543 கிலோமீட்டர், வளைவுகள் 15. இரண்டு நீண்ட நேர்ப்பாதைகளில் 830 குதிரைத்திறன் முந்திச் செல்லலாம். ஆனால் வளைவில் வண்டியைத் தரையோடு பிடித்து வைப்பது எந்திரமன்று, டயர். பந்தய டயரில் வரிப்பள்ளங்கள் இல்லை. மென்மையான இரப்பர் முழுவதும் தரையில் படிகிறது. சூடேறிய பிறகு அதன் பிடிமானத்திற்குச் சாலை டயர் ஈடாகாது. மழைநீரை வெளியேற்ற வழியில்லாததால் அதைப் பொதுச் சாலையில் பயன்படுத்தவும் முடியாது. இதனோடு சொகுசுப் பொருள்கள் அகற்றப்பட்ட உடல், காற்றைக் கொண்டு வண்டியைக் கீழே அழுத்தும் இறக்கை எல்லாம் சேரும்போது, பந்தயக் கார் பிரேக்கை இன்னும் தாமதமாக மிதிக்கிறது. வளைவை இன்னும் வேகமாகக் கடக்கிறது. ஒவ்வொரு வளைவிலும் மிச்சமாகும் நொடிப் பகுதிகளைப் பதினைந்தால் பெருக்கிப் பாருங்கள்.

அப்படியானால் பந்தயக் காரில்தான் எல்லாத் தொழில்நுட்பமும் இருக்கிறதா? இல்லை. 2022-இல் வெளிவந்த போர்ஷே 911 ஜிடி3 ஆர்எஸ் சாலையில் ஓட உரிமம் பெறத்தக்க வண்டி. அதன் பின்னிறக்கை ஓட்டத்தின்போதே தானாகச் சாய்வை மாற்றிக்கொள்ளும். ஜிடி3 பந்தயத்தில் அத்தகைய அசையும் இறக்கைக்குத் தடை. விலையுயர்ந்த கார்பன்-செராமிக் பிரேக்கும் அங்கே இல்லை, உலோகத் தட்டுகளே. போதாக்குறைக்கு, வெவ்வேறு நிறுவனங்களின் வண்டிகள் நெருங்கிப் போட்டியிட வேண்டும் என்பதற்காக, ‘செயல்திறன் சமன்பாடு’ என்னும் விதியின் கீழ் வேகமான வண்டியின் மேல் எடை ஏற்றுகிறார்கள். எந்திரத்தின் ஆற்றலையும் மட்டுப்படுத்துகிறார்கள். பந்தயக் காரைக் கட்டுப்படுத்துவது போட்டி விதி. சாலை மகிழுந்தைக் கட்டுப்படுத்துவது போக்குவரத்துச் சட்டம். இரண்டும் வெவ்வேறு வினாத்தாளுக்கு விடை எழுதுகின்றன. மதிப்பெண்ணை மட்டும் ஒப்பிட்டு என்ன பயன்?

இது புதிய செய்தியும் அன்று. மெக்லாரன் எஃப்1, கார்டன் முரே சாலைக்கென்றே வடிவமைத்த மகிழுந்து; 627 குதிரைத்திறன். அதன் பந்தய வடிவம் காற்றுத் தடுப்பு பொருத்தப்பட்டுச் சாலை வடிவத்தைவிடக் குறைந்த ஆற்றலோடுதான் 1995-இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் இறங்கியது. முதலிடம் பெற்றது!

நேரத்தை ஒப்பிடுவதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. மேற்சொன்ன போர்ஷே நூர்பர்க்ரிங் வடக்குச் சுற்றை 6 நிமிடம் 49.328 நொடியில் ஓடியது. அதே நாள், அதே வண்டி, அதே ஓட்டுநர் யோர்க் பெர்க்மைஸ்டர், ஆனால் மற்றொரு நேரம்: 6 நிமிடம் 44.848 நொடி. முன்னது 20.8 கிலோமீட்டர் முழுச் சுற்று. பின்னது பழைய வழக்கப்படி 20.6 கிலோமீட்டர் மட்டும் அளந்தது. 24 மணி நேரப் பந்தயமோ இவ்விரண்டும் அல்லாத 25 கிலோமீட்டர் தடத்தில் நடக்கிறது. காணொளிகளில் இந்த எண்களை அருகருகே வைத்து ‘யார் வேகம்?’ என்று கேட்கிறார்கள். நம் பிள்ளைகளும் விடை சொல்லிவிடுகிறார்கள். எத்தனை கிலோமீட்டர், என்ன டயர், எத்தனை சுற்று என்று திருப்பிக் கேட்கும் பழக்கத்தை யார் ஊட்டுவது?

பின்னால் சொல்கிறேன் என்றேனே, அது இதுதான். இந்தப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை இன்னும் ஐந்தாறு ஆண்டுகளில் ஓட்டுநர் உரிமம் எடுப்பான். சிறிய உள்ளூர் மகிழுந்தின் பின்புறம் பெரிய இறக்கையைப் பொருத்திக்கொண்டு, இரவில் நெடுஞ்சாலையில் பறக்கும் இளைஞர்களை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். அந்த இறக்கை தன்னைக் காக்கும் என்று நம்புகிறான் அவன். கணக்கைப் பாருங்கள். போர்ஷே நிறுவனம் தரும் அளவுப்படி, ஆர்எஸ் வண்டியைக் காற்று கீழ்நோக்கி அழுத்தும் விசை 200 கி.மீ. வேகத்தில் 409 கிலோ. வேகம் பாதியானால் விசை பாதியாவதில்லை, கால்பங்காகிறது. 100 கி.மீ. வேகத்தில் ஏறத்தாழ 100 கிலோதான். உலகின் தேர்ந்த பொறியாளர்கள் வடிவமைத்த இறக்கைகளுக்கே இந்த நிலை என்றால், 110 கி.மீ. வேக வரம்புள்ள நம் நெடுஞ்சாலையில் கடையில் வாங்கிய இறக்கை என்ன செய்யும்? அழகு செய்யும். அவ்வளவே. பந்தய ஓட்டுநரைச் சுற்றி இரும்புக் கூண்டும், ஆறுமுனை இடைவாரும், தீயணைப்புப் பணியாளரும் உண்டு. நெடுஞ்சாலையில் எதிரே வருவது யாரோ ஒருவரின் குடும்பம்.

“வேகமாகப் போகாதே” என்னும் அறிவுரையை அவன் ஆயிரம் முறை கேட்டிருக்கிறான். கால்பங்குக் கணக்கை ஒரு முறையேனும் கேட்டிருப்பானா? ஆறாம் ஆண்டு மாணவனுக்கு இது எட்டாத கணக்கன்று. தமிழ் வகுப்பில் விவாதக் கட்டுரைக்கும் இது நல்ல தலைப்பு: ‘சூப்பர் காரா, பந்தயக் காரா?’ ஒரே ஒரு நிபந்தனை: குதிரைத்திறன் என்னும் சொல்லை ஒரு முறைக்கு மேல் எழுதக்கூடாது.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். ஜப்பானின் சூப்பர் ஜிடி பந்தயம் 12 ஆண்டுகளுக்குப் பிறகு 2025-இல் செப்பாங்கிற்குத் திரும்பி வந்தது. ஜிடி3 வகை வண்டிகளும் அதில் ஓடின. இத்தகைய பந்தயம் மீண்டும் வரும்போது வாய்ப்பிருந்தால் பிள்ளையை அழைத்துச் செல்லுங்கள். நேர்ப்பாதைக்கு எதிரே உட்காராதீர்கள். வளைவு ஒன்றின் அருகே இடம் பிடியுங்கள்.