புத்தாண்டு இலக்கும் "எந்தக் கூட்டமுங்க?" என்ற கேள்வியும்

டிசம்பர் கடைசி வாரம் வந்துவிட்டால் பீளமேட்டில் இலக்குகளுக்குப் பஞ்சமே இல்லை. அவிநாசி சாலை நெடுக உடற்பயிற்சிக் கூடங்கள் தள்ளுபடி விலையில் புதிய உடம்பை விற்கின்றன. பயிற்சி மையங்கள் ஆறே மாதத்தில் ஐ.டி. வேலை என்கின்றன. கல்லூரி விடுதிகளில் புது டைரியின் முதல் பக்கத்தில் எடை, மதிப்பெண், சம்பளம் என்று மூன்று எண்கள் எழுதப்படுகின்றன. அலுவலகங்களில் 'கோல் ஷீட்' நிரப்பச் சொல்லி மின்னஞ்சல் வருகிறது. இத்தனை பேருக்கும் ஒரே உபதேசம்தான்: "எல்லாம் உன் கையில் இருக்கிறது."

இல்லை தோழர்களே, எல்லாம் நம் கையில் இல்லை. சாதி இருக்கும் ஊரில் அதை மறைத்துவிட்டு இலக்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் தோற்றவனிடம் "நீ சரியாக முயற்சி செய்யவில்லை" என்று சொல்வதற்கு இப்போதே தயாராகிறார்கள்.

நல்ல இலக்குக்கு ஐந்து இலக்கணம் சொல்வார்கள். தெளிவாக இருக்க வேண்டும், அளக்க முடிய வேண்டும், எட்டக்கூடியதாக இருக்க வேண்டும், நமக்குப் பொருந்த வேண்டும், காலக்கெடு வேண்டும். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து இதை 'ஸ்மார்ட்' என்பார்கள். 1981-இல் ஜார்ஜ் டோரன் என்ற மேலாண்மை ஆலோசகர் நிறுவன மேலாளர்களுக்காக எழுதியது, கொஞ்சம் உருமாறி இன்று பள்ளிக்கூடம் வரை வந்துவிட்டது. இந்த ஐந்தில் நான்கோடு எனக்குச் சண்டை இல்லை. 'எட்டக்கூடியது' என்பதோடுதான் சண்டை. எது எட்டும், எது எட்டாது என்பதை இந்த ஊரில் யார் முடிவு செய்கிறார்கள்?

"உழைத்தவன் முடிவு செய்கிறான்" என்பது கொங்கு மண்டலத்தின் விருப்பமான பதில். மில், பம்பு, பனியன் எல்லாமே தனிமனிதர்களின் வியர்வையில் முளைத்தவை என்று மேடைதோறும் கேட்கிறோம். அந்த உழைப்பை நான் மறுக்கவில்லை. ஆனால் திருப்பூர் பனியன் தொழிலை ஆராய்ந்து சரத் சாரி 2004-இல் வெளியிட்ட நூல், தொழிலாளியாக இருந்து முதலாளியானவர்கள் சொல்லும் இந்த உழைப்புக் கதைக்குள் இருக்கும் மற்றதையும் காட்டுகிறது. அந்த உழைப்புக்குப் பின்னால் நிலம் இருந்தது. கடன் கொடுக்கச் சொந்தச் சாதிக்காரர் இருந்தார். சம்பந்தி வீட்டு உறவும், நம்பி ஆர்டர் தரும் பங்காளியும் இருந்தார்கள். அதே மில்லில் அதே வியர்வை சிந்திய அருந்ததியர் தொழிலாளிக்கு இதில் எது இருந்தது? ஒருவனுக்கு ஏணியைக் கொடுத்துவிட்டு, இருவரின் உயரத்தையும் ஒரே அளவுகோலால் அளப்பதற்குப் பெயர் தகுதியா?

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். போன ஆண்டு என் கோல் ஷீட்டில் எல்லாக் கட்டங்களும் பச்சை. ஊதிய உயர்வும் வந்தது. அதை நம்பி, ஊரிலிருக்கும் அம்மாவை அழைத்துவந்து வைத்துக்கொள்ளப் பீளமேட்டுச் சுற்றுவட்டாரத்தில் வீடு தேடினேன். வாடகை, அட்வான்ஸ் எல்லாம் பேசி முடிந்த பிறகு ஒரு கேள்வி வரும். யாரும் நேராகச் சாதியைக் கேட்பதில்லை. கொங்குத் தமிழின் மரியாதை அதற்கு இடம் தராது. "சொந்த ஊர் எதுங்க?" "குலதெய்வம் எந்தக் கோயிலுங்க?" "நீங்க எந்தக் கூட்டமுங்க?" கவுண்டர்களின் குலப்பிரிவுக்குத்தான் இங்கே கூட்டம் என்று பெயர். மூன்றாவது கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை என்று தெரிந்ததும், "பையன் ஃபாரின்ல இருந்து வர்றானுங்க, வீடு அவனுக்கே வேணுமாமுங்க" என்பார்கள். ஐந்து வீடுகளில் ஐந்து பையன்கள் ஒரே மாதத்தில் ஃபாரினிலிருந்து கிளம்பியிருந்தார்கள். டு-லெட் பலகைகள் மட்டும் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தன.

என் கோல் ஷீட்டில் இதற்கு எந்தக் கட்டம்? எந்த இடத்தில் என் முயற்சி குறைந்தது?

1917-இல் பரோடாவுக்கு வந்த அண்ணல் அம்பேத்கரும் அதே நிலையில்தான் இருந்தார். கொலம்பியாவில் எம்.ஏ. முடித்து, லண்டனிலும் படித்துவிட்டு, பரோடா சமஸ்தானத்தின் பணியில் சேர வந்தவர் அவர். தனிமனித இலக்கு என்று எதைச் சொன்னாலும் அதை எட்டியிருந்தார். அவருக்குத் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். பதினோராம் நாள் தடியோடு வந்த கூட்டம் அவரை வெளியேற்றியது. நண்பர்களும் இடம் தரவில்லை. பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு அன்றிரவே பம்பாய்க்கு ரயிலேறினார். அந்த இடம் இன்று 'சங்கல்ப பூமி' என்று அழைக்கப்படுகிறது. உறுதியேற்ற மண் என்று பொருள்.

அதற்கும் இன்றைக்கும் நூறு ஆண்டுக்கு மேல் இடைவெளி. சேலம் கோகுல்ராஜ் பொறியியல் படித்தவர். 2015 ஜூனில், திருச்செங்கோட்டுக் கோயிலில் உடன் படித்த பெண்ணோடு பேசிக்கொண்டிருந்ததற்காகக் கடத்தப்பட்டுப் பள்ளிபாளையம் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். உடுமலை சங்கர் பொறியியல் மாணவர். 2016 மார்ச் 13 அன்று பேருந்து நிலையம் அருகே, பட்டப்பகலில், மனைவி கௌசல்யாவின் கண்ணெதிரே வெட்டிக் கொல்லப்பட்டார். கவின் செல்வகணேஷ் மென்பொருள் பொறியாளர். 2025 ஜூலை 27 அன்று பாளையங்கோட்டையில் கொல்லப்பட்டார். படி, முன்னேறு, நல்ல வேலைக்குப் போ என்று இந்தச் சமூகம் சொன்ன அத்தனையையும் கேட்ட பிள்ளைகள் இவர்கள். முன்னேறியவனைச் சாதி மன்னிப்பதில்லை. தன் எல்லைக்குள் நுழைந்துவிட்டான் என்று அவனைத்தான் முதலில் குறிவைக்கிறது.

அப்படியானால் இலக்கே வேண்டாமா? டைரியைக் கிழித்துப் போடலாமா? கூடாது. பரோடாவிலிருந்து திரும்பிய அம்பேத்கர் படிப்பைக் கைவிடவில்லை. 1920-இல் மீண்டும் லண்டன் போய் 1923-இல் டி.எஸ்சி. பட்டம் பெற்றார். ஆனால் அந்தப் பட்டம் தன் ஒருவனுக்குக் கதவைத் திறந்துவிடும் என்று காத்திருக்கவும் இல்லை. 1927-இல் மகாடு குளத்துக்கு மக்களைத் திரட்டிக்கொண்டு போனார். 1935-இல் இயோலாவில், இந்துவாகச் சாகமாட்டேன் என்று அறிவித்தார். 21 ஆண்டுகள் கழித்து, 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் லட்சக்கணக்கானோரோடு அதை நிறைவேற்றினார். 1935-இல் 'இது எட்டக்கூடியதா?' என்று ஒரு மேலாளர் கேட்டிருந்தால் பதில் என்னவாக இருந்திருக்கும்?

நம் மண்ணிலும் சான்று உண்டு. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின்னாலிருக்கும் சாதிப் பட்டத்தை விட வேண்டும், பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானித்தது. பட்டத்தை அன்றைக்கே வெட்டலாம், பலர் வெட்டினார்கள். சொத்துரிமை தமிழ்நாட்டில் சட்டமாக 1989 வரை, 60 ஆண்டுகள் ஆயின. ஒருவர் வாழ்நாளில் முடியாததை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். தனி ஆளின் டைரியில் அந்த இலக்குக்கு இடமிருந்திருக்காது.

ஆகவே 2026-க்கு நம் இலக்கை நாமே எழுதுவோம். அவர்கள் சொல்லும் இலக்கணப்படியே, அளக்கும்படி எழுதுவோம்.

ஆதிக்கச் சாதியில் பிறந்த தோழர்களே, முகநூலில் அம்பேத்கர் படம் வைத்தது போதும். உங்கள் வீட்டு மாடிப் போர்ஷனுக்கு டு-லெட் பலகை தொங்குகிறதா? தை பிறப்பதற்குள் அப்பாவிடம் பேசுங்கள். கூட்டம் கேட்காமல், குலதெய்வம் கேட்காமல் அந்த வீடு வாடகைக்குப் போக வேண்டும். அப்பா கோபிப்பார், சித்தப்பா பேசமாட்டார். அந்த விலையைக் கொடுங்கள். கதவு திறந்ததா இல்லையா என்பதை அளக்க எந்த ஆலோசகரும் தேவையில்லை.

ஒடுக்கப்பட்ட சாதிகளில் பிறந்த தோழர்களே, படியுங்கள், சம்பாதியுங்கள், உடம்பையும் பாருங்கள். ஆனால் மறுக்கப்பட்ட வீட்டை, தள்ளிப்போடப்பட்ட பதவி உயர்வை உங்கள் தோல்விக் கணக்கில் எழுதாதீர்கள். நீங்கள் ஏறிய படியில் இந்த ஆண்டு இன்னும் ஒரு பிள்ளையை ஏற்றுங்கள்.

நம் எல்லோருக்கும் பொதுவாக ஓர் இலக்கு: ஆணவப்படுகொலைக்கு எதிரான தனிச்சட்டம். கவின் கொலைக்குப் பிறகு, 2025 அக்டோபரில், ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் இதற்கென ஆணையம் அமைக்கப்படும் என்று முதல்வர் அறிவித்தார். ஆணையங்கள் அறிக்கையோடு தூங்கிப்போவதை நாம் பார்த்திருக்கிறோம். இது தேர்தல் ஆண்டு. கொங்கில் எந்தக் கட்சிக்காரர் வாக்குக் கேட்டுப் படியேறினாலும் ஒன்றே ஒன்று கேட்போம்: "சட்டமன்றத்தில் இந்தச் சட்டத்துக்குக் கை தூக்குவீங்களா, மாட்டீங்களா?" அவர் சொல்லும் பதிலைப் பெயரோடு, தேதியோடு அந்தப் புது டைரியில் எழுதிவைப்போம்.