சிசுவின் மூச்சுக்கு விலை 495 டாலர்!

ஆர்.எஸ்.வி. என்றொரு வைரஸ். பெரியவர்களுக்கு வந்தால் பெரும்பாலும் வெறும் ஜலதோஷம். மூன்று மாதச் சிசுவின் நெஞ்சுக்குள் இறங்கினாலோ, மெல்லிய மூச்சுக் குழல்கள் வீங்கிச் சளி அடைக்கிறது. விலா உள்வாங்கக் குழந்தை தவிக்கிறது. பால் குடிக்கவும் சக்தியில்லை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஆண்டுக்குச் சுமார் ஒரு லட்சம் பேர் இதற்குப் பலியாகின்றனர். இதில் நூற்றுக்கு 97 மரணங்கள் ஏழை, நடுத்தர வருமான நாடுகளில்!

தடுக்க வழியில்லையா? இருக்கிறது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் தாய்க்குத் தடுப்பூசி போட்டால், அவள் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புப் பொருள் நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்குச் சேருகிறது. பிரசவத்துக்கு இரண்டு வாரம் முன்னதாகவாவது போட வேண்டும். அது தவறினால், எதிர்ப்புப் பொருளையே குழந்தைக்கு ஏற்றலாம். நிர்செவிமாப் என்று பெயர். ஒரே ஊசி, ஐந்து மாதக் காவல். ஸ்பெயினின் கலீசியாவில் 2023-24 குளிர்காலத்தில் சிசுக்களுக்கெல்லாம் இதைப் போட முனைந்தார்கள். ஆர்.எஸ்.வி.யால் ஆஸ்பத்திரியில் சேரும் குழந்தைகளின் தொகை நூற்றுக்கு 80க்கு மேல் குறைந்தது.

விலை என்ன தெரியுமா? 2023இல் அமெரிக்காவில் நிர்செவிமாப் ஓர் ஊசி 495 டாலர். தாய்க்கான பைஸர் தடுப்பூசி 295 டாலர்.

ஆராய்ச்சிக்குச் செலவாயிற்றே என்கிறார்கள் கம்பெனிக்காரர்கள். பெரிய சோதனைகளை அவர்கள் நடத்தியதை நாம் மறுக்கவில்லை. அஸ்திவாரம் போட்டது யார்? 1960களில் வந்த முதல் தடுப்பூசி நோயைத் தடுப்பதற்குப் பதில் உக்கிரமாக்கியது. இரு குழந்தைகள் இறந்தன. அந்த முடிச்சு அவிழ அரை நூற்றாண்டு பிடித்தது. உயிரணுவுக்குள் நுழையுமுன் வைரஸின் மேற்புரதம் எந்த வடிவில் இருக்கிறது என்பதை 2013இல் கண்டு சொன்னவர்கள் அமெரிக்க சர்க்காரின் தேசிய சுகாதார ஆராய்ச்சி நிலையங்களின் விஞ்ஞானிகள். தாய்க்கான தடுப்பூசி இந்த அறிவின் மேல்தான் நிற்கிறது. ஜனங்களின் வரிப்பணம் கம்பெனிக்கு முதலாகிவிட்டது!

சகல நாடுகளும் இந்தப் பாதுகாப்பைத் தர வேண்டும் என்று 2025 மே மாதம் உலக சுகாதார ஸ்தாபனம் சொன்னது. அடுத்த மாதமே, ஏழை நாடுகளுக்குத் தடுப்பூசி வாங்க உதவும் காவி அமைப்புக்கு இனிப் பணமில்லை என்றார் அமெரிக்க சுகாதார மந்திரி கென்னடி. அதன்மேல் நம்பிக்கை வரவேண்டுமாம்! மூச்சுத் திணறும் சிசு அதுவரை காத்திருக்குமா?

ஆர்ஜெண்டினா 2024இல் கர்ப்பிணிகளுக்கு இலவசமாகவே போடத் தொடங்கியது. மற்ற நாடுகளால் ஏன் முடியாது? பேடண்ட் பூட்டைத் திறவுங்கள். பொதுத்துறை ஆலைகளில் இந்த மருந்துகளைத் தயாரிக்க விடுங்கள். கம்பெனிகளின் கணக்குப் புத்தகங்களையும் ஜனங்கள் முன் வையுங்கள். 495 டாலரில் செலவு எவ்வளவு, லாபம் எவ்வளவு என்று நாமே பார்த்துக்கொள்கிறோம்.