கிணற்றுக்குள் எஞ்சின் எதற்கு?

கோடை முற்றியதும் நத்தம் வட்டாரத்துக் கிணறுகளில் தண்ணீர் இறங்குகிறது. தண்ணீரோடு ஆயில் எஞ்சின் இறங்குகிறது. எஞ்சினோடு கூலியாளும் இறங்குகிறான். மூச்சடைத்து அவன் விழுந்தால் மறுநாள் பத்திரிகையில் ஒரே வரி: “விஷவாயு தாக்கிப் பலி.” ஏதோ பூமிக்குள்ளிருந்து பூதம் புறப்பட்டு வந்து அடித்தது போல!

நாம் கேட்கிறோம்: அந்த வாயுவைக் கக்கியது யார்? எஞ்சின் ஓடிய கிணற்றில் எஞ்சின்தான் கக்கியது. அதன் பெயர் கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை; மணமில்லை. ரத்தத்தில் பிராணவாயு ஏறவேண்டிய இடத்தை இது பிடித்துக்கொள்கிறது. பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பற்றுகிறது. காற்றில் பத்தாயிரத்தில் 12 பங்கு கலந்தாலே உயிருக்கு ஆபத்து. டீசலைவிடப் பெட்ரோல், மண்ணெண்ணெய் எஞ்சின்களின் புகையில் இது மிக அதிகம்.

விளக்கை இறக்கிப் பார்த்தோம், அணையவில்லை என்பார்கள். பிராணவாயு குறைந்த கிணற்றில்தான் விளக்கு அணையும். ஆளைக் கொல்லும் அளவு கார்பன் மோனாக்சைடு இருந்தாலும் விளக்கு எரிந்துகொண்டேயிருக்கும்!

“கூலிக்காரனின் கவனக்குறைவு” என்கிறார்கள் கனவான்கள். எஞ்சினை உள்ளே இறக்கச் சொன்னது கூலிக்காரனா? உறிஞ்சும் பம்பு சுமார் 25 அடிக்கு மேல் தண்ணீரை இழுக்காது. அதற்கும் கீழே தண்ணீர் போனால் நீர்மூழ்கி மோட்டார் வேண்டும். மோட்டாருக்குக் காசு வேண்டும். கூலியாளின் மூச்சோ மலிவு!

நிலையாக நிறுத்திய எஞ்சினின் புகையை வெளிக்காற்றுக்குக் கொண்டுபோகாமல் ஆலையில் அதை ஓட்டக்கூடாது என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 14ஆவது பிரிவு விதித்தது. மில்லுக்குள் கூடாதது கிணற்றுக்குள் மட்டும் கூடுமா? 2020இல் நிறைவேறிய தொகுப்புச் சட்டமோ, பொதுவாகப் பத்துப் பேர் வேலை செய்யும் இடத்திலிருந்துதான் கணக்கெடுக்கிறது. கிணற்றில் இறங்குவது இரண்டு பேர், மூன்று பேர்!

வழி இல்லையா? இருக்கிறது. 2000 ஆகஸ்டில் அமெரிக்காவின் பாவெல் ஏரியில், உல்லாசப் படகுவீட்டின் பின்தட்டுக்கு அடியில் தேங்கிய ஜெனரேட்டர் புகைக்கு இரண்டு சிறுவர்கள் பலியானார்கள். சர்க்கார் ஆராய்ச்சியாளர்கள் வாயுவை அளந்தார்கள். 2001இல் அத்தகைய படகுகளைத் திரும்பப் பெற்றுச் சீர்செய்ய உத்தரவு வந்தது. புகைக்குழாயைக் கூரைக்கு மேல் நிமிர்த்தியதும் தட்டில் வாயு வெகுவாகக் குறைந்தது. உல்லாசப் படகுக்குக் கிடைத்த அக்கறை உழைப்பாளியின் கிணற்றுக்குக் கிடைக்காதா?

நமது கோரிக்கைகள்:

1. எஞ்சினோ ஜெனரேட்டரோ கரையிலேயே, காற்றோட்டமான இடத்தில் நிற்க வேண்டும். கிணற்றுக்குள் இறக்கத் தடை வேண்டும்.

2. சிறு விவசாயிகளுக்கு மின் இணைப்பும் நீர்மூழ்கி மோட்டாரும் சர்க்கார் தாமதமின்றி வழங்க வேண்டும்.

3. ஊராட்சி ஒன்றியந்தோறும் வாயு அளக்கும் கருவி, காற்றூதி, இடுப்புக் கயிறு இருக்க வேண்டும்.

4. இறந்தவர் குடும்பத்துக்கு முழு நஷ்டஈடு வேண்டும்.

தோழர்களே! விழுந்தவனைத் தூக்கக் குதித்துவிடாதீர்கள். அப்படித்தான் ஒரு சாவு இரண்டாகிறது. தீயணைப்பு நிலையத்தை 101இல் கூப்பிடுங்கள். மீட்டவனைப் பிராணவாயு உள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோங்கள். வெறும் காற்றில் பாதி விஷம் இறங்கவே நாலைந்து மணி நேரமாகும். சுத்தப் பிராணவாயுவில் ஒன்றரை மணி நேரத்துக்குள் இறங்கும்.

எஞ்சின் இறங்கிய கிணற்றில் நாங்கள் இறங்கமாட்டோம் என்று ஊர் முழுவதும் ஒரே குரலில் சொல்லட்டும். கூலி வேண்டும், அதை வாங்க ஆள் உயிரோடு கரையேற வேண்டும்!