ஷியாம் செல்வதுரையின் நாவலும் எங்கட பெடியளும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கேக்க வாசியுங்கோ.

போன கிழமை ஒரு பிள்ளையின் தகப்பன் என்னிடம் கேட்டார்: "சேர், நீங்கள் அந்த மாதிரிப் புத்தகமெல்லாம் வாசிக்கிறீங்களாமே? ஐந்து நேரம் தொழுகிற ஆள் எல்லோ நீங்கள்?" என் மேசையில் கிடந்த 'ஃபன்னி போய்' நாவலை யாரோ கண்டு சொல்லியிருக்கினம். பாடசாலை வாசலில் நின்று இரண்டு வசனத்தில் சொல்லி முடிக்கக்கூடிய பதில் அல்ல, அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஷியாம் செல்வதுரை 1965 இல் கொழும்பில் பிறந்தவர். தகப்பன் தமிழர், தாய் சிங்களவர். 1983 கலவரத்துக்குப் பிறகு குடும்பம் கனடாவுக்குப் போனது. 1994 இல் 'ஃபன்னி போய்' ஆங்கிலத்தில் வந்தது. அர்ஜி என்ற கொழும்புத் தமிழ்ச் சிறுவனின் கதை. பாட்டி வீட்டில் பெண் பிள்ளைகளோடு மணப்பெண் விளையாட்டு விளையாடுவான். சேலை உடுத்து மணப்பெண்ணாக நிற்பதும் அவன்தான். ஒரு நாள் பெரியாக்கள் முன்னால் அவனை இழுத்து வந்து நிறுத்துகிறார்கள். ஒரு மாமா சிரித்தபடி 'ஃபன்னி' என்கிறார். அதோடு அந்த விளையாட்டு அவனுக்குத் தடை. பிறகு, ஆம்பிளையாக்க வேண்டும் என்று தகப்பன் அவனைக் கண்டிப்பான பாடசாலை ஒன்றில் சேர்க்கிறார். அங்கேதான் அவனுக்கு ஷெஹான் என்ற சிங்களப் பெடியனில் காதல் வருகிறது. கடைசி அத்தியாயத்தில் வீடு எரிகிறது, அவர்கள் நாட்டை விட்டுப் போகிறார்கள்.

இது எழுதியவரின் சொந்தக் கதைதானே என்று பலர் கேட்பார்கள். கவனித்துப் பாருங்கோ: எழுதியவருக்குத் தாய் சிங்களவர், ஆனால் அர்ஜிக்கு இரண்டு பக்கமும் தமிழ். தமிழ்–சிங்களக் காதலை அவர் ராதா அன்ரிக்குக் கொடுத்து, அதைக் குடும்பத்தின் கையாலேயே உடைக்கிறார். தன் வாழ்க்கையில் நடந்ததை எடுத்து, வேறு ஆளிடம் கொடுத்து, வேறு முடிவு வைத்திருக்கிறார். நாவல் எழுதுவது என்றால் இதுதான். ஆங்கிலம் படிப்பிக்கிறவனாக எனக்கு இந்த வேலைப்பாட்டில் தனி ஆசை.

தன் எழுத்து எங்கிருந்து வருகிறது என்று அவரே சொல்லியிருக்கிறார். 2004 இல் தொகுத்த 'ஸ்டோரி-வாலா' என்ற கதைத் தொகுப்பின் முன்னுரையில், இலங்கையர் என்பதிலுமில்லை, கனடியர் என்பதிலுமில்லை, இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில்தான் தன் படைப்பு பிறக்கிறது என்கிறார். வாசிக்கச் சந்தோசமான கருத்து. ஆனால் அந்த இடைவெளிக்கு ஒரு விலை இருக்கிறது. 1997 இல் தன் துணைவரோடு இலங்கையில் வந்து தங்கியிருந்த காலத்தில் பட்ட சங்கடத்தை, 2003 இல் டைம் சஞ்சிகையின் ஆசியப் பதிப்பில் எழுதினார். பிறந்த ஊரைப் பற்றி நாவல் எழுதலாம், ஆனால் அந்த ஊரில் நிம்மதியாக ஒரு வீடு எடுத்து இருக்க ஏலாது. 1883 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் அப்போதும் இருந்தன. 1995 திருத்தம் அதைப் பெண்களுக்கும் நீட்டியது. அதை நீக்கும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் சொன்ன பிறகும் சட்டம் மாறவில்லை.

"இதெல்லாம் வெள்ளைக்காரனின் இறக்குமதி" என்பவர்களுக்கு அவரது அடுத்த நாவல் 'சினமன் கார்டன்ஸ்' (1998) நல்ல மருந்து. 1920களின் கொழும்பில், டொனமூர் ஆணைக்குழு வந்த நேரத்தில் நடக்கும் கதை. அத்தியாயங்களின் தலையில் திருக்குறள். அதில் அன்னலட்சுமி என்று கலியாணத்துக்கு அவசரப்படாத ஓர் ஆசிரியை வருவார், எனக்கு மிகவும் பிடித்த பாத்திரம். மற்றவர் பாலேந்திரன், பிள்ளை உள்ள குடும்பஸ்தர், இளவயதில் இலண்டனில் ஓர் ஆணை நேசித்தவர். எட்வேர்ட் கார்ப்பெண்டரின் பெயரும் கதைக்குள் வருகிறது. இந்தக் கார்ப்பெண்டர் யார்? மானிப்பாய் வேர் கொண்ட சேர் பொன்னம்பலம் அருணாசலத்தின் கேம்பிரிட்ஜ் கூட்டாளி. 1890 இல் அருணாசலத்தின் விருந்தாளியாக இலங்கை வந்து, அவரது குருவிடம் சைவ ஞானம் கேட்டவர். ஊரில் ஓர் ஆணோடு ஒளிவு மறைவில்லாமல் சேர்ந்து வாழ்ந்தவர். 1913 இல் அவர் வீட்டுக்குப் போய் வந்ததும்தான் ஈ. எம். ஃபோஸ்டர் 'மோரிஸ்' நாவலை எழுதத் தொடங்கினார். இரண்டு ஆண்களின் காதல் சந்தோசமாக முடிந்தே ஆக வேண்டும் என்று ஃபோஸ்டர் பிடிவாதமாக இருந்தார், பின்குறிப்பிலும் அதைச் சொல்லியிருக்கிறார். அந்த முடிவுக்காகவே புத்தகம் அவர் உயிரோடு இருக்கும்வரை வெளிவரவில்லை. 1970 இல் இறந்தார், 1971 இல் அச்சானது. செல்வதுரை தன் பெயரோடு, உயிரோடு இருக்கும்போதே வெளியிட்டார், ஆனால் அர்ஜிக்குச் சந்தோசமான முடிவு கொடுக்கவில்லை. 1983 ஐ உண்மையாக எழுதினால் கொடுக்கவும் ஏலாது.

படமாக 2020 இல் தீபா மேத்தா எடுத்தபோது எங்கட ஆக்கள் கொதித்தார்கள். தமிழ் நடிகர்களைப் போதியளவு எடுக்கவில்லை, பேசுகிற தமிழ் தமிழாகவே இல்லை என்று. நியாயமான கோபம், நானும் பாதியில் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தேன். ஆனால் உச்சரிப்புக்குக் கோபப்பட்ட அளவுக்கு, அந்தப் பெடியனை வீட்டில் நடத்திய விதத்தைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை.

இனி என் மார்க்கத்துக்கு வருவோம். இஸ்லாம் இந்த உறவைப் பற்றி என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரியும். அதில் புது விளக்கம் சொல்ல நான் ஆலிம் இல்லை. ஆனால் ஸூரத்துல் ஹுஜுராத்தின் 11 ஆவது வசனம், ஒருவரை ஒருவர் பரிகசிப்பதையும் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுவதையும் தடுக்கிறது. அதில் 'இன்ன ஆளைத் தவிர' என்று ஒரு விலக்கு இல்லை. நான் முன்பு படிப்பித்த ஓர் இடத்தில் பத்தாம் ஆண்டுப் பெடியன் ஒருவன், நடையையும் குரலையும் வைத்துப் பட்டம் வாங்கினான். பிள்ளைகள் மட்டும் கூப்பிட்டால் பரவாயில்லை, இடாப்பு எடுக்கேக்க ஓர் ஆசிரியரும் கூப்பிட்டார். சாதாரண தரப் பரீட்சைக்கு முன்னமே அவன் நின்றுவிட்டான். கெட்டிக்காரன், கணக்கில் முதல் மூன்றுக்குள் வருவான்.

எங்கட சனத்தை 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து அனுப்பினார்கள். காங்கேசன்துறை ஆக்களும் அதே வருசம் வீடு வளவு விட்டுப் போய், பாதுகாப்பு வலயம் திறக்கும் வரை எத்தனை வருசம் காத்திருந்தவர்கள். வீட்டிலிருந்து வெளியே தள்ளப்படுவது என்றால் என்ன என்று இந்தப் பதிவை வாசிக்கிற யாருக்கும் நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. கலகக்காரர் வந்து எரிக்க முந்தியே அர்ஜிக்குச் சொந்த வீட்டில் ஒரு கதவு மூடப்பட்டிருந்தது. நாவலில் என்னை நித்திரை கொள்ள விடாத பகுதி அந்தக் கதவுதான், நெருப்பு அல்ல.

புத்தகம் என் மேசையில்தான் இருக்கும். உயர்தரப் பிள்ளைகள் யாரும் கேட்டால், வீட்டில் சொல்லிவிட்டு எடுக்கலாம். வாற தவணை ஆசிரியர் கூட்டத்தில் நான் ஒரு விடயம் கேட்கப்போகிறேன்: பட்டப்பெயர் சொல்லும் மாணவனுக்கு உள்ள ஒழுங்கு விதி, ஆசிரியருக்கும் எழுத்தில் வேண்டும்.