இன்னொரு பம்ப்

2019 செப்டம்பர் புகைமூட்டத்தில் பள்ளிகள் மூடப்பட்டபோது நான் படிவம் நான்கில் இருந்தேன். பாட்டிக்கு இளைப்பு முற்றியது. மருத்துவர் மலாயில் விளக்கியதைப் பாட்டிக்கு மொழிபெயர்த்தவன் நான். நீல பம்ப் இறுகிய மூச்சுக்குழாயைச் சில நிமிடங்களில் தளர்த்தும். மற்றது உள்ளிருக்கும் 'கெராடாங்கான்' தணிய, மூச்சு சீராக இருக்கும் நாளிலும் தினமும் இழுக்க வேண்டியது. ஆறாண்டு தமிழ்ப்பள்ளியில் படித்தும் அந்தச் சொல்லுக்குத் தமிழ் எனக்கு வரவில்லை. (அழற்சி என்று பின்னர்தான் அறிந்தேன்.) "இன்னொரு பம்ப் குடுத்திருக்காங்க பாட்டி" என்று முடித்துவிட்டேன். அது அலமாரிக்குப் போனது. இரண்டு வாரத்தில் பாட்டி அவசரப் பிரிவுக்குப் போனார்.

"பம்ப் பழகிவிடும்" என்று அஞ்சும் நம்மவர், நீலத்தை மட்டும் நம்புவதற்கு அஞ்சுவதில்லை. ஜீனா எனும் அனைத்துலக ஆஸ்துமா வழிகாட்டி, பன்னிரண்டு வயதிலிருந்து பெரியவர்வரை யாருக்கும் அதை மட்டும் கொடுக்க வேண்டாம் என்றதும் அதே 2019-இல்தான்.

ஆண்டுதோறும் பட்டிமன்றம் நடத்தும் நம் கழகம், இரு பம்புகளின் வேறுபாட்டை ஒரே பக்கத்தில், பாட்டிகளுக்குப் புரியும் தமிழில் அச்சிடலாமே? மருத்துவப் புல நண்பர்கள் எழுதித் தரட்டும். வீடு வீடாகக் கொண்டுபோக நான் வருகிறேன்.