மூலம் பௌத்திரமும் ஒன்றரை மீட்டர் குடலும்

டிஸ்கி: சாப்பிட்டுக்கிட்டே படிக்கிறவங்க முடிச்சிட்டு வாங்க.

போன மாசம் 'ஆணி அதிகம்'னு சொல்லி எஸ்கேப் ஆனேன் இல்லையா, அது பொய். எனக்கு கொலனோஸ்கோபி பண்ணாங்க. வெளியே சொல்ல வெட்கம். அந்த வெட்கத்தைப் பத்தித்தான் இந்தப் பதிவு.

மலத்தோட ரத்தம் வந்து நாலு மாசம் யார்கிட்டயும் மூச்சு விடலை. உட்கார்ந்தே வேலை, உடம்பு சூடு, மூலம்தான்னு நானே முடிவு பண்ணி துத்திக் கீரையும் மோருமா ஓட்டினேன். நம்ம ஊர் சுவரெல்லாம் 'மூலம் பௌத்திரம்' விளம்பரம் பார்த்தே வளர்ந்தவன், வேற என்ன தோணும்? எங்க பெரியப்பாவும் இப்படித்தான் ரெண்டு வருஷம் ஓட்டினார். பெருங்குடல் புற்றுநோய்னு தெரிஞ்சப்போ கல்லீரல் வரைக்கும் பரவியிருந்தது. லாக் ஃபைலைத் திறக்காமலேயே 'பக் இங்கதான்'னு சத்தியம் பண்ற ஜூனியரை எப்படித் திட்டுவோம்? உடம்பு விஷயத்துல நாம எல்லாருமே அந்த ஜூனியர்தான்.

உண்மையைச் சொன்னா, பரிசோதனையை விட முந்தின நாள்தான் கஷ்டம். திட உணவு கிடையாது. இளநீர், வடிகட்டின ஜூஸ், பால் சேர்க்காத டீ மட்டும். சிவப்பு நிற ஜூஸ் கூடாது, உள்ளே பார்க்கும்போது ரத்தம் மாதிரி தெரியுமாம். ராத்திரி பாதி, விடிகாலை பாதின்னு பேதி மருந்துத் தண்ணி. உப்புக் கரைசல்ல எலுமிச்சை வாசனை. அப்புறம் பாத்ரூம்தான் வீடு. அலுத்துக்கிட்டு பாதியில நிறுத்தாதீங்க. குடல் சுத்தமா இல்லைன்னா சின்னக் கட்டிகள் கண்ணுல படாமப் போயிடும், இல்லைன்னா முதல்லேர்ந்து மறுபடியும்.

மறுநாள் இடது பக்கமா சாய்ஞ்சு முழங்காலை மடக்கிப் படுக்கச் சொன்னாங்க. மயக்க ஊசி. கண் முழிச்சா எல்லாம் முடிஞ்சிருந்தது. வயித்துல கொஞ்சம் காத்து, அவ்வளவுதான். அன்னைக்கு முழுக்க வண்டி ஓட்டக் கூடாது, கூட ஒருத்தர் கண்டிப்பா வேணும்.

ரிசல்ட்? மூலம் இருந்தது, என் கணிப்பு சரி. ஆனா கூடவே ஒரு பாலிப்பும் இருந்தது. அப்பவே வெட்டி எடுத்து பயாப்சிக்கு அனுப்பினாங்க. அடினோமா. இப்போ புற்று இல்லை, ஆனா விட்டா வருஷக்கணக்குல அப்படி மாறக்கூடிய வகை.

எல்லாரும் ஓடிப்போய் குழாய் விட்டுக்கணும்னு நான் சொல்லலை. அபூர்வமா குடல்ல ஓட்டை விழற அபாயமும் உண்டு, தேவையான்னு டாக்டர்தான் முடிவு பண்ணணும். ஆனா 'சின்ன வயசுதானே'ங்கற சமாதானம் வேண்டாம். நடிகர் சாட்விக் போஸ்மேன் 2020-ல இதே நோயால இறந்தப்போ அவருக்கு வயசு 43. அமெரிக்காவுல அறிகுறி இல்லாதவங்களுக்கே பரிசோதனை தொடங்கற வயசை 2021-ல 50-லேர்ந்து 45 ஆக்கிட்டாங்க. ரத்தம் வந்தா வயசு பார்க்காம காட்டுங்க.

இதையெல்லாம் வீட்டுல சொன்னப்போ அப்பா கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். அப்புறம் மெதுவா, "எனக்கும் அப்பப்போ வருதுடா, மூலம்னு நினைச்சேன்" என்றார்.

அவருக்கு வர்ற வியாழக்கிழமை அப்பாயின்ட்மென்ட். உங்க வீட்டுலயும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க.