ஜீப்பை உயர்த்த முதல் பிரேக்கைப் பாருங்கள், தம்பிமாரே



2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றதிலிருந்து நம்ம பக்கத்தில் ஒரு வேலை சூடுபிடித்தது. வயல் கொட்டிலிலும் மாமரத்தடியிலும் துருப்பிடித்துக் கிடந்த பழைய ஜீப்புகள் ஒவ்வொன்றாக வீட்டு முற்றத்துக்கு வந்து சேர்ந்தன. 2025 பெப்ரவரியில் இறக்குமதியைத் திறந்துவிட்டார்கள். ஆனாலும் முற்றத்து வேலை குறையவில்லை. வரியோடு சேர்த்துப் புது வாகனத்தின் விலையை விசாரித்தவர்களுக்குக் காரணம் விளங்கும்.

என்னிடம் பௌதிகவியல் படித்த பிள்ளைகள் பலர் இந்த வேலையில் இருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் படம் அனுப்புகிறார்கள். "சேர், எப்படி?" என்று கேட்கிறார்கள். பத்துப் படம் வந்தால் பத்திலும் உயரம், பெரிய சில்லு, முன்னால் இரும்பு பம்பர், கூரைக்கு மேல் லைட் வரிசை. கழற்றிய பிரேக் டிரம்மின் படத்தை இன்றுவரை ஒருவர் அனுப்பவில்லை. இந்தப் பதிவு அதைப் பற்றித்தான்.

முதலில் பெரியவர்களிடம் ஒன்று. "வேலையத்த வேலை, காசைக் கொண்டுபோய் இரும்பில் கொட்டுறான்" என்று ஏசுகிறீர்களே, அதில் எனக்கு உடன்பாடில்லை. உயர்தரத்தில் தொழினுட்பவியல் பிரிவை 2013இல் தொடங்கினார்கள். நல்ல காரியம். ஆனால் நான்கடிப்பு எஞ்சினின் படத்தைக் கொப்பியில் அழகாகக் கீறிப் பெயரிடும் பிள்ளைக்கு, வால்வு இடைவெளியைத் தன் கையால் செட் பண்ணும் வாய்ப்பு எத்தனை பாடசாலையில் கிடைக்கிறது? முற்றத்தில் பழைய ஜீப்பைக் கழற்றிப் பூட்டும் பையனுக்கு அது கிடைக்கிறது. லேத் பட்டறையில் புஷ் கடையக் கொடுக்கும்போது மில்லிமீற்றரில் பத்தில் ஒன்று என்றால் என்ன என்று அவனுக்குத் தெரிகிறது. போல்ட்டை அளவுக்கு மிஞ்சி முறுக்கினால் உடையும் என்பது அவனுக்குப் பரீட்சைக் கேள்வி இல்லை.

இந்த வண்டிகளுக்குப் பின்னால் இருக்கும் கதையே ஒரு பாடம். லேண்ட் ரோவர் 1948இல் வெளிவந்தபோது யுத்தம் முடிந்த பிரித்தானியாவில் உருக்குக்குத் தட்டுப்பாடு. அதனால் உடம்பை அலுமினியக் கலப்புலோகத்தில் செய்தார்கள். எழுபது வருடத்துக்குப் பிறகும் நம்ம உப்புக் காற்றில் அந்தத் தகடு நிற்கிறது, ஆனால் அதன் கீழே இருக்கும் உருக்குச் செசி கரைந்துபோகிறது. அலுமினியமும் உருக்கும் ஈரத்தில் ஒட்டி இருந்தால் அரிப்பு கூடும் என்று இரசாயனவியல் சேர் சொன்னாரே, அதில் கூடுதலாக அரிபடுவது அலுமினியம்தான்; செசி கரைவது உருக்கின் சொந்தத் துருவால். மிட்சுபிஷி ஜீப்பும் அப்படித்தான். வில்லிஸ் கம்பனியிடம் உரிமம் வாங்கி 1953இல் தொடங்கி 1998 வரைக்கும் ஜப்பானில் செய்தார்கள். 4 டி.ஆர். 5 டீசல் எஞ்சின் என்றால் நம்ம ஊர் பாஸ்மாருக்குக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றத் தெரியும். அதனால்தான் இந்த வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. திருத்தக் கூடியதாகச் செய்யப்பட்ட பொருள் திருத்துகிற கையைத் தேடி வரும்.

ஆக, செய்யாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. செய்கிற ஒழுங்கு தலைகீழாக இருக்கிறது என்றுதான் சொல்கிறேன்.

கணக்குக்கு வருவோம். பழைய 88 அங்குல லேண்ட் ரோவருக்குக் கம்பனி கொடுத்த சில்லின் விட்டம் ஏறத்தாழ 28 அங்குலம். நம்ம தம்பி 33 அங்குலம் போடுகிறார். டிரம் அதே 10 அங்குல டிரம். பிரேக் கொடுக்கும் முறுக்கம் மாறவில்லை, ஆரை கூடிவிட்டது. அப்படியானால் தரையில் கிடைக்கும் தடுப்பு விசை 28ஐ 33ஆல் வகுத்த அளவுக்கு இறங்கும். அதாவது காலில் அதே அழுத்தத்துக்கு ஏறக்குறைய 15 வீதம் குறைவு. பெரிய சில்லின் பாரத்தைச் சுழலவிடாமல் நிறுத்தும் வேலை இதற்கு மேலதிகம். ஸ்பீடோமீற்றரும் பொய் சொல்லும். முள் 50இல் நிற்கும்போது வண்டி 59இல் போகிறது. கூடிய வேகம், குறைந்த பிரேக், இரண்டையும் ஒரே நாளில் காசு கொடுத்து வாங்கியிருக்கிறோம்.

இதோடு இன்னொன்று. பழைய ஜீப்புகள் பலதில் பிரேக்குக்கு ஒரே லைன்தான். நான்கு சில்லுக்கும் ஒரே எண்ணெய். பின்னால் ஒரு குழாய் வெடித்தால் முன்னாலும் இல்லை. சர்வோவும் கிடையாது, காலின் பலம்தான். கண்டிக்குப் போய்விட்டு மஹியங்கனை பதினெட்டு வளைவால் குடும்பத்தோடு இறங்கி வரும்போது இதை நினைத்துப் பாருங்கள். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் சாமான். வருடக்கணக்கில் மாற்றாத எண்ணெய் தொடர்ந்து பிரேக் பிடிக்கும் சூட்டில் கொதித்து ஆவியாகும். ஆவி அமுங்கும், எண்ணெய் அமுங்காது. பெடல் தரைவரைக்கும் போகும், வண்டி நிற்காது.

இதற்கு வழி இல்லையா? இருக்கிறது. 109 அங்குல வண்டியின் 11 அங்குல டிரம்மை 88க்குப் போடலாம். இரட்டை லைன் மாஸ்டர் சிலிண்டரும் சர்வோவும் போடலாம். ரப்பர் ஹோஸ் முழுவதையும் மாற்றலாம். செலவு இருக்கிறதுதான். ஆனால் 33 அங்குல டயர் ஐந்து வாங்கும் காசைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது பெரிய தொகையாகத் தெரியாது. கட்டாரில் இருக்கும் காக்கா டயருக்கு உடனே காசு அனுப்புகிறார், ஏனென்றால் டயர் படத்தில் தெரியும். மாஸ்டர் சிலிண்டருக்கு ஒரு லைக்கும் விழாது.

உயர்த்துகிற விஷயம். மலிவான வழி என்று பட்டை ஸ்பிரிங்குக்கு நீளமான ஷெக்கல் செய்து போடுகிறார்கள். இரண்டு அங்குலம் நீட்டினால் ஒரு அங்குலம்தான் உயரும், ஸ்பிரிங்கின் ஒரு முனைதானே நகர்கிறது. ஆனால் அச்சு திரும்பிக்கொள்ளும். முன் அச்சின் சாய்வுக் கோணம் மாறினால் நேர் வீதியில் ஸ்டீயரிங் அலையும். புரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணமும் மாறும். எல்லாவற்றிலும் பயங்கரம் பிரேக் ஹோஸ். பழைய நீளத்திலேயே விட்டால், காட்டுப் பாதையில் ஒரு சில்லு குழிக்குள் தொங்கும்போது அது இழுபட்டு அறும்.

வகுப்பில் செய்கிற கணக்கையும் செய்து பாருங்கள். இரண்டு பக்கச் சில்லுக்கும் இடையே 52 அங்குலம், புவியீர்ப்பு மையம் தரையிலிருந்து 28 அங்குலம் என்று வைத்துக்கொண்டால், நிற்கும் வண்டி 43 பாகை சரிந்தால் கவிழும். மையம் 4 அங்குலம் மேலே போனால் 39 பாகை. 1400 கிலோ வண்டியின் கூரையில் 100 கிலோ சாமானை 80 அங்குல உயரத்தில் ஏற்றினால் 36. இது அசையாமல் நிற்கும் வண்டிக்குக் காகிதத்தில் போட்ட கணக்கு. வளைவில் ஓடும்போது இந்தளவுகூட மிஞ்சாது.

தண்ணீர் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2024 நவம்பர் 26இல் மாவடிப்பள்ளியில் மத்ரஸா பிள்ளைகள் வந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் கொண்டுபோனது நம்மில் யாருக்கும் மறக்காது. அல்லாஹ் அவர்களைப் பொருந்திக்கொள்வானாக. உழவு இயந்திரத்தின் பின் சில்லைவிட உயரமான சில்லை உங்கள் ஜீப்புக்கு நீங்கள் போடப் போவதில்லை. பிறகும் "ஸ்நோர்க்கல் போட்டிருக்கு சேர், எந்த வெள்ளத்திலும் போகலாம்" என்று ஒரு பிள்ளை சொல்லும்போது எனக்கு நெஞ்சு பதறுகிறது. ஸ்நோர்க்கல் எஞ்சினுக்குக் காற்று கொடுக்கும். வண்டியை நிலத்தில் பிடித்து வைக்காது.

ஜீப்பின் தரை 3 மீற்றர் நீளம், ஒன்றரை மீற்றர் அகலம் என்று எடுப்போம். தரைத் தகட்டுக்கு மேல் தண்ணீர் 10 சென்ரிமீற்றர் ஏறினால் மேலுதைப்பு 450 கிலோ பாரத்துக்குச் சமம். 30 சென்ரிமீற்றர் ஏறினால் 1350 கிலோ. வண்டியின் முழுப் பாரமே கிட்டத்தட்ட அவ்வளவுதான். கதவு இடுக்கால் தண்ணீர் உள்ளே வரும், அதனால் மேலுதைப்பு கொஞ்சம் குறையும் என்பீர்கள். சரி. ஆனால் வண்டி முழுதாக மிதக்கத் தேவையில்லை, டயரின் பிடி விட்டால் போதும், ஓடுகிற தண்ணீர் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். அந்தத் தண்ணீரின் வேகம் இரட்டித்தால் தள்ளும் விசை நான்கு மடங்கு. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கத்தில் இருந்துகொண்டு, ஓடும் வெள்ளத்தில் கட்டாத ஒட்டகமாக இறங்குவது எந்த வகை வீரம்?

குமண பக்கம் போகிறவர்கள், வயல் வாய்க்கால் கடக்கிறவர்கள், ஸ்நோர்க்கலுக்கு முதல் செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. அச்சுக்கும் கியர் பெட்டிக்கும் இருக்கும் மூச்சுத் துவாரத்தில் ரப்பர் குழாய் மாட்டி மேலே கொண்டுவந்து கட்டுங்கள். ஓடிச் சூடான அச்சு குளிர் தண்ணீரில் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கித் தண்ணீரை உறிஞ்சும். எண்ணெய் பால்தேத்தண்ணி நிறத்துக்கு மாறினால் விளங்கிக்கொள்ளலாம். சில மீற்றர் குழாய், இரண்டு கிளிப், அவ்வளவுதான் செலவு. தண்ணீரைக் கடந்து ஏறியதும் பிரேக்கை மெல்ல மிதித்தபடி கொஞ்சத் தூரம் ஓடி டிரம்மைக் காய வையுங்கள். நனைந்த டிரம் பிடிக்காது.

முற்றத்தைப் பற்றி. வண்டியை ஜேக்கில் ஏற்றிப் புளொக் கல்லில் நிறுத்திவிட்டுக் கீழே படுக்காதீர்கள். இதைத் தமிழில் இதைவிடத் தெளிவாகச் சொல்ல எனக்குத் தெரியாது. உள்ளே வெற்றாக இருக்கும் சீமெந்துக் கல் வளையாது, முனகாது. ஒரு கணத்தில் பொடியாகும். அக்ஸில் ஸ்டாண்ட் இரண்டு வாங்குங்கள். அதுவரைக்கும் தடித்த மரக்கட்டைகளைக் குறுக்குமறுக்காக அடுக்குங்கள், கழற்றிய சில்லைச் செசிக்குக் கீழே படுக்கப் போடுங்கள். வெல்டிங் தொடங்க முதல் பற்றரியைக் கழற்றுங்கள். பெற்றோல் தாங்கியை வெறுமையாக்கிவிட்டோம், இனிப் பயமில்லை என்று அதில் வெல்டிங் வைக்காதீர்கள். நிரம்பிய தாங்கியைவிட ஆவி நிற்கும் வெறுந்தாங்கிதான் ஆபத்து. இஷாவுக்குப் பிறகு கிரைண்டர் பிடிக்கவும் வேண்டாம். பக்கத்து வீட்டில் ஓ.எல். பிள்ளை இருக்கலாம், அண்டை வீட்டாருக்கும் நம்மிடம் ஹக் இருக்கிறது.

கூரை லைட் காட்டுக்கு. கல்முனை வீதியில் அதைப் போட்டுக்கொண்டு வந்தால், எதிரே சைக்கிளில் சுபஹுக்கு முன் கடலுக்குப் போகிற மனிதருக்கு வீதியே தெரியாது. உறை போட்டு மூடுங்கள். ரிலேயும் பியூசும் இல்லாமல் வயர் இழுத்தால் எரிவது உங்கள் வண்டிதான்.

சட்டத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1951இன் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் இருக்கிறது. எஞ்சின், நிறம், உடம்பின் வகை என்று பதிவுப் புத்தகத்தில் உள்ளதை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவிலும் அது மாற வேண்டும். வண்டி வாங்கும் நாளிலேயே செசியில் வெட்டியுள்ள இலக்கத்தைக் கம்பித் தூரிகையால் துலக்கிப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால் எவ்வளவு மலிவென்றாலும் திரும்பி வந்துவிடுங்கள். புகைப் பரிசோதனையும் வருமான அனுமதிப்பத்திரமும் பிறகு வரும் கதை. சொல்லாமல் செய்த மாற்றத்தால் விபத்து நடந்தால் காப்புறுதிக்காரர் கையை விரிக்க இடமிருக்கிறது. அடிபட்டவருக்கு நீங்கள்தான் பொறுப்பு.

வாப்பாமாரே, காக்காமாரே, காசு கொடுப்பது நீங்கள். ஏசிவிட்டுக் கொடுப்பதைவிடக் கேட்டுவிட்டுக் கொடுங்கள். "செசியைத் தட்டிப் பார்த்தாயா? பிரேக் முடிந்ததா? ஸ்டீயரிங் மூட்டுகளில் ஆட்டம் இருக்கா?" இந்த மூன்றுக்கும் பதில் வந்த பிறகு டயருக்குக் கொடுங்கள். ஓடாத வண்டிக்கு மேல் பல இலட்சத்துக்கு அலங்காரம் செய்வது இஸ்ராஃப். அதே காசில் ஒழுங்காகக் கட்டிய ஜீப், வெள்ளம் வடிந்த சேற்றுப் பாதையில் நோயாளியை ஏற்றவும், தண்ணீர் போத்தல் கொண்டுபோகவும் ஊருக்கு உதவும்.

இப்போது முற்றத்தில் யாருடைய ஜீப்பாவது கழன்று கிடந்தால் இந்தப் பதிவின் கீழே டிரம்மைத் திறந்த படம் ஒன்று போடுங்கள். லைனிங் எவ்வளவு மிச்சம், சில்லுச் சிலிண்டரில் எண்ணெய்க் கசிவு தெரிகிறதா என்று காட்டுங்கள். பழைய சில்லின் விட்டத்தையும் போட நினைக்கும் சில்லின் விட்டத்தையும் எழுதினால் பிரேக் கணக்கையும் ஸ்பீடோமீற்றர் கணக்கையும் நான் போட்டுத் தருகிறேன். நம்ம ஊர் பாஸ்மார் யாராவது இதைப் பார்த்தால், 11 அங்குல டிரம் மாற்றும்போது கவனிக்க வேண்டியதைக் கீழே எழுதிவிடுங்கள்.